நின்று சமைக்கும் மேடை

கேழ்வரகு மூட்டையை இறக்கப் பரணில் ஏறிய அம்மா, மூட்டையோடு கீழே விழுந்தாள். இடது இடுப்பு உடைந்தது. கள்ளக்குறிச்சியில் கட்டுப் போட்டு, எலும்பும் ஒருவழியாகக் கூடிற்று. ஆனால் கால் மடங்கவில்லை. இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிற்கலாம், படுக்கலாம், கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருக்கலாம். அதாவது, அம்மா சமைப்பதைத் தவிர வேறு எதையும் செய்யலாம். எங்கள் பகுதி வீடுகளில் அப்போது அடுப்பு என்றால் தரையோடு இருப்பதுதான். குந்தி உட்கார்ந்துதான் ஊத வேண்டும்.

அப்பாவின் அக்கா எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டாள். அத்தையின் கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. குழம்பில் உப்பு கம்மியாக இருந்தால் மட்டும் அம்மா கட்டிலிலிருந்து மெதுவாகச் சொல்வாள். அத்தை அடுப்பங்கரையிலிருந்தே, "எழுந்து வந்து நீயே போட்டுக்கயேன்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அதன்பிறகு அம்மா உப்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். உள்ளே ஏதாவது பாத்திரம் உருண்டால் அது எந்தப் பாத்திரம் என்று அம்மா சுவரைப் பார்த்தபடியே சொல்வாள். சாப்பாட்டுத் தட்டு வந்தால் பாதியில் கை கழுவுவாள். ஆறு மாதத்தில் அவளுடைய வளையல்கள் முழங்கை வரை ஏறிப் போக ஆரம்பித்தன.

அதைப் பார்த்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் பயிர் வைத்திருந்தார். கல்யாணம் ஆகவில்லை. தன் ஏரையும் வண்டியையும் தானே செப்பனிட்டுக்கொள்ளும் அளவுக்குத் தச்சுவேலை தெரியும். ஒருநாள் அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து, "அக்கா, மாவு பெசையற மாதிரி கையை வெய்யி" என்றார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே வெறும் காற்றில் மாவு பிசைந்தாள். அந்தக் கைகளுக்குக் கீழே சுவரில் கரியால் ஒரு கோடு போட்டார். அந்த உயரத்துக்கு இரண்டு செங்கல் தூண் எழுப்பி, மேலே கடப்பைக் கல் போட்டு, அதன்மேல் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வை வைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. தூண்களுக்கு நடுவே காலியாக இருக்க வேண்டும். மடங்காத இடது காலை அம்மா அதற்குள் நீட்டி வைத்துக்கொண்டால்தான் இடுப்பு வலிக்காமல் வெகுநேரம் நிற்க முடியும்.

தூண்கள் எழும்பிவிட்டன. கல்லுக்குக் கள்ளக்குறிச்சியில் சொல்லியாகிவிட்டது. லாரி வருவதற்குள் மறியல் தொடங்கிவிட்டது.

படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்காரர்கள் தங்களுக்கென்று இட ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டு எங்கள் மாவட்டம் முழுக்கச் சாலைகளை மறித்த நாட்கள் அவை. தியாகதுருகம் சாலையில் எங்கள் ஊர் எல்லைக்குள் நாற்பத்தோரு புளியமரங்கள் இருந்தன. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் எண்ணுவேன். ஒன்று குறைந்தால் திரும்பப் போய் முதலிலிருந்து எண்ணுவேன். மறியல் அன்று ஒன்பது மரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. வெட்டியவர்களில் மாமாவும் ஒருவர். வியர்வையும் மரத்தூளுமாக எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தார்.

"உன் கல்லும்தான் நின்னுப்போச்சு மச்சான்" என்றார் அப்பா.

"நிக்கட்டும் மாமா. நம்ம புள்ளைங்களும் ஒருநாள் ஆபீசுல ஃபேனுக்குக் கீழ உக்கார வாணாமா?" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டினார். எனக்கு ஒன்பது வயது. ஃபேனுக்கும் புளியமரத்துக்கும் என்ன தொடர்பு என்று விளங்கவில்லை.

வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு என்றும் சாவு என்றும் செய்தி வந்தது. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பிறகு மறியல் முடிந்தது. வெட்டுண்ட மரங்களைச் சாலையோரம் புரட்டிப் போட்டார்கள். ஊரில் ஆளுக்குக் கொஞ்சம் கிளைகளை விறகுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மாமாவுக்கு மட்டும் அதில் வேறொன்று தெரிந்தது. லாரி எப்போது ஓடும், கல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தூண்களோ தயாராக நிற்கின்றன.

அடிமரத்தில் ஒரு பாகத்தை மாடு கட்டி எங்கள் களத்துக்கு இழுத்து வந்தார். பள்ளம் தோண்டி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று ரம்பத்தால் அறுத்தார்கள். நாலு விரல் கனத்தில் ஒரே பலகை. ஓரத்தில் மஞ்சளாகவும் நடுவில் கறுத்த சிவப்பாகவும் இருந்தது. வெட்டுவாயில் தெரிந்த வளையங்களை நான் எண்ணினேன். அறுபதுக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். அந்த மிச்சம் எத்தனை என்பது இன்றுவரை எனக்கு ஒரு குறைதான்.

"பச்ச மரம், முறுக்கிக்கும்" என்றார் அப்பா.

"ஆணி அடிச்சாத்தான் வெடிக்கும். சும்மா தூண்மேல படுக்கவெச்சிடலாம். அது பாட்டுக்குக் காயட்டும்" என்றார் மாமா.

அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை. "புளியங்கட்டையா? கறிக்கடை பாய் கொத்தற கட்டை மாதிரி இருக்குது. புளியமரத்த வூட்டுக்குள்ள கொண்டாந்தா அதுல இருந்த பேயும் கூடவே வரும், தெரியுமில்ல?"

"வரட்டும் அண்ணி. அதுக்கும் சேத்து ஒரு பிடி அரிசி போட்டுட்டாப் போச்சு" என்றாள் அம்மா. அவள் அத்தைக்குப் பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமா பலகையை இழைப்புளி போட்டு இழைத்தார். உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு ஆமணக்கெண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டுப் பூசினார். கறுத்த சிவப்பு இன்னும் ஆழமாகி, அதில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. நாலு பேர் தூக்கித் தூண்கள்மேல் வைத்தார்கள். ஸ்டவ்வை ஏற்றி அம்மா முதலில் ரசம் வைத்தாள். வைத்துவிட்டு, பலகையை இரண்டு கைகளாலும் தடவிக்கொண்டே நின்றாள். உப்புச் சரியாக இருந்தது. அத்தை மறுநாள் காலை எலவனாசூர்கோட்டைக்குப் புறப்பட்டாள். கோபத்தோடு இல்லை, "பரவால்ல, ஜாஸ்தி ஆடாம நிக்கிது" என்று பலகையை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அம்மா தன் அடுப்பங்கரையைத் திரும்பப் பெற்று ஒரு வாரம் இருக்கும். அப்பா வெயில் நேரத்தில் வயலிலிருந்து ஓடிவந்தார்.

"பக்கத்தூருக்குப் போலீஸ் ஜீப் வந்துக்கினு இருக்குது. எவன் வூட்டுல புளியங்கட்டை கெடக்குதோ அவன்தான் மரத்த வெட்னவன்னு இட்டுக்கினு போறாங்க. உன் தம்பி பேரை எவனோ சொல்லிட்டானாம். அவன் மலைக்கு ஏறிட்டான். இது ஒண்ணு ஆப்டுதுன்னா போதும், அவனுக்கு வேற சாட்சியே வாணாம்."

கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டால் ஆளைத் தேடுவது லேசில்லை என்று எனக்கும் தெரியும். கட்டை என்று அப்பா சொன்னதும் நான் விறகைத்தான் நினைத்தேன். கொல்லையில் கிடந்த புளிய விறகை அப்பா எருக்குழிக்குள் புதைத்தபோது நானும் ஓடி ஓடி எடுத்துக்கொடுத்தேன். உள்ளே இருந்தது எனக்குக் கட்டை இல்லை, அது மேடை.

அப்பா கோடாலியோடு உள்ளே வந்தார். "பொளந்துடலாம்."

"பொளக்கற சத்தம் ரோடு வரைக்கும் கேக்கும். பச்ச மரம், எரியவும் எரியாது" என்றாள் அம்மா. பலகைமேலிருந்த ஸ்டவ்வைத் தூக்கி அப்பாவின் கையில் கொடுத்தாள். பிறகு என்னிடம், "கண்ணு, ஓடிப்போயி ஒரு கூடை களிமண்ணு அள்ளியா. சாணியும் எடுத்தா" என்றாள்.

நான் மண்ணோடு திரும்பியபோது அம்மா அரிவாளின் முனையால் பலகையைக் கீறிக்கொண்டிருந்தாள். குறுக்கும் நெடுக்குமாக, ஆழமாக. எண்ணெய் ஏறிய மரத்தில் மண் ஒட்டாது என்பதற்காகக் கீறினாள். எனக்கு அது எங்கே தெரிந்தது! மாமா இழைத்து இழைத்து வழவழப்பாக்கிய பலகை. நான் அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டுக் கீறினாள். அப்பாவிடம் ஓடினேன், அவர் வாசற்படியில் தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார், திரும்பவில்லை.

மண்ணையும் சாணியையும் உமி கலந்து குழைத்து, இரண்டு விரல் கனத்துக்கு அம்மா அப்பினாள். ஓரத்தையும் மூடி உருட்டினாள். வீட்டுத் தரையை மெழுகுவதுபோல அரைவட்டம் அரைவட்டமாகக் கையை ஓட்டினாள். ஈரம் தெரியாமல் இருக்க மேலே பழைய தரையடுப்பின் சாம்பலைத் தூவித் தேய்த்தாள். அடியில் பலகை தெரியுமே என்று, தூண்களுக்கு நடுவே இருந்த இடம் முழுக்க என்னை வறட்டி அடுக்கச் சொன்னாள். அந்த இடம் அவள் கால் வைக்கும் இடம். "காலை எங்கம்மா வெச்சிக்குவ?" என்று கேட்டேன்.

"அடுப்புன்னா மெழுகணும். அடியில வறட்டி இருக்கணும். எல்லார் வூட்டுலயும் அப்பிடித்தானே?" என்றாள்.

மறுநாள் காலை வந்தார்கள். மூன்று போலீஸ்காரர்களா, ஓட்டுநரோடு சேர்த்து நான்கு பேரா என்பது எழுதும் இந்த நேரத்திலும் உறுத்துகிறது. வைக்கோற்போரைக் குத்திப் பார்த்தார்கள். விறகை எடுத்துப் பட்டையை முகர்ந்தார்கள். கொஞ்சம் வயதான ஒருவர் அடுப்பங்கரைக்குள் வந்து மேடையில் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டார்.

"இன்னாம்மா, மண் மேடை மேல பம்ப் ஸ்டவ்வா? நின்னுக்கினே ஆக்கறியா?"

"இடுப்பு ஒடிஞ்சிப்போச்சுங்க ஐயா, உக்கார முடியாது. கடப்பைக் கல்லுக்குத்தான் சொல்லியிருந்தோம். மறியல்ல லாரி வரல."

"பாத்தியா? எவனோ மரத்த வெட்டிட்டுப் போயிட்டான், நீ கெடந்து கஷ்டப்படற."

"ஆமாங்க" என்றாள் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. மாமா வேலையை ஒருவர் மண் என்கிறார். "மண்ணு இல்ல" என்று வாயெடுத்தேன். அதற்குள் அம்மா அடுக்குப்பானையில் கைவிட்டு ஒரு வெல்லக்கட்டியை என் வாய்க்குள் திணித்தாள். "காலையிலேர்ந்து வெல்லம் வெல்லம்னு உயிரெடுக்குதுங்க ஐயா" என்றாள் அவரிடம். நான் கேட்கவே இல்லை. கேட்காமலே கிடைத்த வெல்லத்துக்கு முன்னால் மாமாவின் மானம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் மோர் வாங்கிக் குடித்து, சொம்பை மேடைமேல் வைத்துவிட்டுப் போனார். அம்மா மாமாவின் பெயரை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. அவர்கள் கேட்டபோது அப்பா, "வந்து ரொம்ப நாளாச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு ஜீப் எப்போது வேண்டுமானாலும் வந்தது. அதனால் வறட்டியும் அங்கேயே இருந்தது. காலை நீட்ட இடமில்லாமல் அம்மா ஒருக்களித்து நின்று சமைத்தாள். பொழுது சாயும்போது கணுக்கால் வீங்கி மெட்டி இறுகிவிடும். மேடையில் வெடிப்பு விழுந்தால் உடனே மெழுகுவாள். அத்தையைக் கூப்பிடட்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம், வீட்டுக்குள் இன்னும் ஒரு வாய் எதற்கு என்றாள்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் மாமா வந்தார். ஆள் பிடிப்பது நின்றுவிட்டது என்று யாரோ மலைக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். மேலே கடுக்காய் பொறுக்கி, காய்ச்சலில் விழுந்து, பாதி ஆளாக இருந்தார். அம்மா சோறு போட்டாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலிலேயே உட்கார்ந்தார். நான் பலநாளாக வைத்திருந்த புகாரைச் சொன்னேன்.

"மாமா, நீ செஞ்சதை அம்மா அரிவாளால கீறிட்டாங்க. மேல மண்ணைப் பூசிட்டாங்க."

மாமா எழுந்து எச்சில் கையோடு வந்தார். இடது கையால் மேடையின் ஓரத்தைத் தடவினார். பிறகு குனிந்து, அடியில் சுவர்போல நெருக்கி அடுக்கியிருந்த வறட்டியைப் பார்த்தார். அதற்கு முன்னால் ஒருக்களித்து நின்ற அம்மாவின் காலைப் பார்த்தார்.

"எத்தினி நாளாக்கா இப்பிடி நிக்கிற?"

"சோறு ஆறுது. துன்னு."

அவரால் சாப்பிட முடியவில்லை. துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்கின. அம்மா ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டே இருந்தாள்.

அவ்வளவு பாடுபட்டு இழைத்த பலகை வீணாகிவிட்டதே என்று அழுகிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போய் அவர் வேட்டியைப் பிடித்து, "அழாத மாமா, மண்ணுக்குக் கீழ பலகை அப்பிடியேதான் இருக்குது. மறுபடியும் இழைச்சிக்கலாம்" என்றேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.