இரண்டு ஸ்கோப்புக்கும் பொட்டு

மதுரையிலிருந்து வந்த விற்பனைக்காரர் என் மேஜைமேல் இரண்டு பெட்டிகளை வைத்துவிட்டு, "ஆயுத பூஜை முடிஞ்சு வாரேன் மேடம். வேணுங்கிறதை வச்சுக்கிட்டு மத்ததைக் குடுத்துருங்க" என்று சொல்லிப் போனார். இரண்டும் டிஜிட்டல் ஆசிலோஸ்கோப். கம்பிக்குள் மின்சாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. ஒன்று சின்னது, ஆரம்ப நிலை மாடல். இன்னொன்று அதற்கு ஒரு படி மேல். பெரியது ஒன்றின் விலைக்குச் சின்னதில் மூன்று வாங்கலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் எலெக்ட்ரானிக்ஸ் செக்‌ஷன் என்று ஓர் அறை இருந்தது. அதற்குப் பொறுப்பு நான். டிப்ளமோ முடித்தவள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். வேலை விஷயத்தில் என்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். மில்லில் அதைத் திமிர் என்பார்கள். அப்படியே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயம் நூல் நூற்கும் ஸ்பின்னிங் ஃப்ரேம் ஒன்று என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று அதன் மோட்டாரை ஓட்டும் டிரைவ் தானாக டிரிப் ஆகி, ஃப்ரேம் நின்றுவிடும். மறுபடி ஓட விட்டால் வரிசையாக இழை அறும். இழை ஒட்டும் சைடர் பெண்கள் என்னைக் கண்டதும், "ஏட்டி, டாக்டரம்மா வாரா. நோவு என்னன்னுதான் தெரியலையாம்" என்று என் காதில் விழும்படியே பேசிச் சிரிப்பார்கள். டிரைவுக்குள் இருக்கும் சர்க்யூட் கார்டுகளை மாற்றிப் பார்த்தேன், பவர் சப்ளையைப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. எங்களிடம் இருந்த பழைய பச்சைத் திரை ஸ்கோப்புக்கு, ஒரு முறை மட்டும் வந்து மறைவதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது.

முதலாளி கூப்பிட்டார். "புது ஸ்கோப்பு ஒண்ணு வாங்கித் தாரேன். அதுக்குப் பொறவும் இந்தக் கோளாறு தீரலைன்னா கார்டு வேலை மொத்தத்தையும் கோயம்புத்தூர் கம்பெனிக்குக் குடுத்துருவேன். செக்‌ஷன் வேண்டாம். நீ டைம் ஆபீசுக்குப் போயிரும்மா."

டைம் ஆபீஸ் என்றால் வந்தவர் போனவர் கணக்கெழுதும் இடம். படித்ததை மூட்டை கட்டி வைத்துவிட்டு அங்கே போய் உட்கார நான் தயாராக இல்லை.

ஆகவே இரண்டு ஸ்கோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே சிக்னலைக் கொடுத்துப் பார்த்தேன். சாதாரண அலை என்றால் இரண்டிலும் அழகாகத்தான் தெரிந்தது. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. டிஜிட்டல் ஸ்கோப் சிக்னலைத் தொடர்ந்து பார்ப்பதில்லை. கண்ணை மூடி மூடித் திறந்து பார்க்கிறது. திறந்தபோது கண்டதைப் புள்ளியாக வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைத்துவிடுகிறது. சின்னது நிதானமாகக் கண் சிமிட்டும் ரகம். கண் மூடியிருக்கும் நேரத்தில் ஒரு ஸ்பைக், அதாவது மின்சாரம் சட்டென்று எகிறி இறங்கும் துள்ளல், வந்து போனால் அதற்குத் தெரியாது. தெரியாததோடு, ஒன்றுமே நடக்காததுபோல நேர்கோடு வேறு போட்டுக் காட்டும். அந்தப் பொய்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அதன் நினைவகமும் சின்னது. நுணுக்கமாகப் பார்த்தால் அதிக நேரம் பார்க்க முடியாது. அதிக நேரம் பார்த்தால் நுணுக்கம் போய்விடும். பெரியதோ மிக வேகமாகப் பார்க்கும், நிறைய நினைவில் வைத்துக்கொள்ளும். ஊசிமுனை அளவு ஸ்பைக்கையும் தவறவிடாமல் பிடிக்க 'பீக் டிடெக்ட்' என்று தனி வசதியும் அதில் இருந்தது.

எலெக்ட்ரிகல் ஃபோர்மேன் அண்ணாச்சி இதை ஒப்புக்கொள்ளவில்லை. செட்டியார்பட்டியிலிருந்து சைக்கிளில் வருபவர். மில்லின் வயரிங் முழுக்க அவர் கைப்பட இழுத்தது.

"ஏம்மா, ரெண்டுலயும் கோடுதான தெரியுது? சின்னது எம்புட்டு லேசா இருக்கு பாரு. பட்டனும் கொஞ்சம். எங்க பயலுவ எல்லாவனும் எடுத்து வேலை பாப்பானுவ. பெரிசுல ஒரு மெனுவுக்குள்ள இன்னொரு மெனு. ஒன்னையத் தவிர எவன் தொடுவான்?"

அதில் நியாயம் இருந்தது. அவரிடம் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"தூங்குற காவக்காரன் மூணு பேரு எதுக்கு அண்ணாச்சி? முழிச்சிருக்கிறவன் ஒருத்தன் போதும்."

"ஒனக்கு வாய் கொஞ்ச நீளமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்த கருவி மில்லை விட்டு வெளியே போகக் கூடாது. பழுதாகி மூலையில் கிடந்தாலும் உள்ளேயே கிடக்கும். முதலாளி இதில் மிகக் கண்டிப்பு. அதனால்தான், திருப்பி அனுப்ப வேண்டிய சாமான் எதையும் பூஜை நேரத்தில் வெளியே வைக்காமல் பெட்டிக்குள் போட்டுவிடுவோம். நானும் இரண்டு ஸ்கோப்பையும் முந்தின நாளே பெட்டியில் வைத்து மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

பூஜையன்று காலையில் பூவோடு வந்து கதவைத் திறக்கிறேன். மேஜைமேல் சின்னது மட்டும் வெளியே இருக்கிறது. திரைக்கு மேலே சந்தனம், அதன் நடுவில் குங்குமம், பக்கத்தில் எலுமிச்சம்பழம். அறைக்கு இன்னொரு சாவி யாரிடம் இருந்தது என்று நான் கேட்க வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சண்டைக்குப் போயிருப்பேன். நல்ல நாளாக இருந்ததால், பெரியதைப் பெட்டியிலிருந்து எடுத்தேன், சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டேன், அண்ணாச்சி வைத்ததைவிடப் பெரிய பொட்டாக வைத்தேன். ஒரு முழம் பூவும் சுற்றினேன்.

சூடத்தட்டோடு அறை அறையாக வந்த முதலாளி எங்கள் வாசலில் நின்றுவிட்டார்.

"ரெண்டுக்கும் பொட்டா? யாரு வச்சது?"

"சின்னதுக்கு நான்" என்றார் பின்னால் வந்த அண்ணாச்சி, அசராமல்.

"பெரிசுக்கு நான்" என்றேன்.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமி கும்பிடுத நாளு, என்னையப் பேச வைக்காதிய. ரெண்டும் இனி வெளிய போவாது. எது வேலைக்காவும்னு காட்டுங்க. காட்டலைன்னா நான் சொன்னது சொன்னதுதான்." கடைசி வாக்கியம் எனக்கு.

விடுமுறை முடிந்து ஃப்ரேம் ஓடத் தொடங்கியதும் பெரியதைக் கொண்டுபோய் மாட்டினேன். ஸ்கோப்பின் தொடுமுனையான புரோப் ஒன்றை டிரைவுக்குப் போகும் சிக்னல் வயரில் வைத்தேன். டிரிப் ஆவதற்குச் சற்று முன் சுவருக்கு அப்பால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்பதாக முன்பே எனக்கு ஒரு சந்தேகம். அங்கேதான் காற்றை ஈரப்படுத்தும் பிளான்ட்டை ஓட்டி நிறுத்தும் கான்டாக்டர் சுவிட்ச் இருந்தது. இன்னொரு புரோபை அதன் கட்டுப்பாட்டு வயருக்குக் கொடுத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகவில்லை.

மதியத்துக்கு மேல் ஃப்ரேம் நின்றது. திரையைப் பார்த்தேன். கான்டாக்டர் விடுபட்ட அதே கணத்தில், சிக்னல் வயரில் ஒல்லியாக, உயரமாக ஒரு ஸ்பைக். அப்படியே உறைந்து நின்றது. மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், "மாட்டுனியா!" என்று கத்தினேன்.

அண்ணாச்சி வந்து வெகுநேரம் திரையையே பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, சுவரோரம் போகும் பைப்பைப் பார்த்தார். "முதலாளி மதுரைக்குப் போயிருக்காவ. அவிய நாளைக்குத்தான் வாராவ" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். ஏதோ பதில் தயார் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். நானும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் என் பதில்களைக் கூர் தீட்டிக்கொண்டே போனேன்.

மறுநாள் முதலாளி வந்து, நான் பிடித்து வைத்திருந்த ஸ்பைக்கைக் குனிந்து பார்த்தார். பிறகு நான் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். "இதைச் சின்னது காட்டாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"காட்டாது முதலாளி. காலையில ஃபர்ஸ்ட் ஷிஃப்டுல நாந்தான் அதை மாட்டிப் பாத்தேன். ஃப்ரேமு நின்னுச்சு. இதுல கோடு சிவனேன்னு கெடந்துச்சு." பிறகு சுவரோரப் பைப்பைக் கை காட்டினார். "அந்த ரெண்டு வயரையும் ஒரே பைப்புக்குள்ள இழுத்ததும் நாந்தான். அன்னைக்கு இடமில்லைன்னு இழுத்துட்டேன். அதான் இதுல உள்ளது அதுல ஏறுது."

தீட்டி வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. சின்னதில் தெரிந்த நேர்கோட்டைக் காட்டி, வயரில் கோளாறே இல்லை என்று அவர் சாதித்திருக்கலாம். முதலாளி அவரைத்தான் நம்பியிருப்பார். டைம் ஆபீஸ் நாற்காலி எனக்காகக் காத்திருந்தது அவருக்கும் தெரியும்.

"வயரைப் பிரிச்சு வேற பைப்புல போடுங்க" என்றார் முதலாளி. வாசல் வரை போனவர் திரும்பி, "டைம் ஆபீசுக்கு வேற ஆளு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினார். "அந்தச் சின்னதை எடுத்துத் தா தாயி. எது எந்த வயருன்னு பாக்க அது போதும். ஒன் பெரிசை நான் தொடலப்பா."

குங்குமம் இன்னும் அழியாத சின்ன ஸ்கோப்பை எடுத்து அவர் கைக்கு எட்டும்படி வைத்தேன். அவர் பைப்பைக் கழற்றி முடிக்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன்.