ஒன்பது இருபது பஸ்ஸில் வந்த கடிதங்கள்

4-3-1979. விழுப்புரம் கடை திறப்பு. முதல் நாள் விற்பனை ரூ. 41.50.
5-9-1983. திண்டிவனம் கடை திறப்பு. ரூ. 18.75.
9-1-1984. திரும்பி வந்த கேரியர் பதினொன்று. ரூ. 242.00.
12-6-1986. மரக்காணம் கடை திறப்பு. ரூ. 207.00.
20-1-1988. செஞ்சி கடை திறப்பு. ரூ. 333.25.

நான்கு கடைக்கும் கணக்கு எழுதியவன் என்பதால் மேற்கண்ட தேதிகளுக்கு நான் பொறுப்பு. நான்கிலும் 'பாண்டு சைக்கிள் மோட்டார் ஸ்டோர்' என்றுதான் பலகை. பாண்டுரங்கன்தான் முதலாளி. ஆனால் ஒரு கடை நான்கானது அவர் மனைவி கிருஷ்ணவேணியால்.

விழுப்புரம் கடையில் சைக்கிளுக்குச் செயின், டைனமோ, சீட் கவர் கிடைக்கும். மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் கண்ணாடி, ஹாரன், பிளக். பாண்டுரங்கன் சோறு உண்ணும்போதும் சக்கரத்துக்குள் போடுகிற பால்ரஸ் குண்டு பற்றியே பேசுவார். கல்யாணமான மூன்றாம் மாதம் கிருஷ்ணவேணி ஒரு சட்டம் போட்டார்: வீட்டு வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் கடைப் பேச்சு கூடாது. பாண்டுரங்கன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதை மீறுகிற மனிதர் அல்ல அவர்.

கிருஷ்ணவேணிக்குப் பிறந்த ஊர் திண்டிவனம். ஒரு முறை போனபோது மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி வாசலில் நின்ற சைக்கிள்களை எண்ணியிருக்கிறார். நூற்று நாற்பத்திரண்டு. அங்கே ஒரு கடை வேண்டும், அதைத் தானே பார்த்துக்கொள்வேன் என்றார். சித்திரை பிறப்பு வரை வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொடுத்தார் பாண்டுரங்கன். ஓடினால் பார்க்கலாம் என்று.

தினமும் காலை ஏழு பத்து பஸ்ஸில் கிருஷ்ணவேணி திண்டிவனம் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். காலையில் வீட்டில் வாய் திறக்காத கணவர், அவர் கிளம்பியதும் கடைக்கு வந்து கடிதம் எழுதி, சரக்கு மூட்டையோடு கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். அது ஒன்பது இருபதுக்குத் திண்டிவனம் சேரும். திரும்புகிற பஸ்ஸில் பதில் வரும். ராத்திரி இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கத்தரிக்காய் விலை பேசுவார்கள். அந்தக் கடிதங்கள் என்னிடம் கோப்பில் இருக்கின்றன.

முதல் கடிதத்தோடு ஐம்பது குரோம் கேரியர் வந்தது. விழுப்புரத்தில் டிபன் பாக்ஸும் ஆபீஸ் பையும் சுமக்கிற கேரியர் அது, ஐந்து வருஷம் பளபளக்கும். அந்தத் தைரியத்தில் கிருஷ்ணவேணி கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு வருஷம் கேரண்டி என்று வாயால் சொல்லிவிட்டார். கேட்டவர்களில் பாதிப் பேர் மரக்காணம் பக்கத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர்கள். கூடையிலிருந்து வழி நெடுக உப்புத் தண்ணீர் சொட்டும் என்பது கணவனுக்கும் தோன்றவில்லை, மனைவிக்கும் தோன்றவில்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி சேட்டு என்ற மீன்காரர் துருவேறிய கேரியர் பதினொன்றைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை.

"யக்கா, ஒரு வருசம்னு சொன்னீங்க. பொங்கலுக்கே தாங்கல. எங்க கருவாடே இதவிட நாள் தாங்கும்."

கிருஷ்ணவேணி பதினொன்றுக்கும் புதுசு எடுத்துக்கொடுத்து, நடந்ததை எழுதி அனுப்பினார். மறுநாள் கடிதம் இது: 'கேரண்டி சொல்ல உனக்கு யார் சொன்னது? இப்போது கொடுத்ததும் அதே கேரியர்தானே, அதுவும் துருப்பிடிக்கும். சித்திரை பிறப்புக்குள் கடையைக் காலி செய்துவிடலாம்.' அன்று இரவு பாண்டுரங்கன் இரண்டாம் முறை ரசம் கேட்டார். கிருஷ்ணவேணி ஊற்றினார்.

மூன்று மாதம் இருந்தது. கடைசியாகக் கொடுத்த பதினொன்று துருப்பிடிக்குமுன் வழி தேட வேண்டும். உங்கள் படகில் இருக்கிற இரும்பு மட்டும் எப்படித் தாங்குகிறது என்று சேட்டுவையே கேட்டார் கிருஷ்ணவேணி.

"படகுக்குக் கீல் பூசிக்கினு இருக்கச் சொல்ல, நங்கூரத்துக்கும் ஒரு கை இழுத்து வுட்டுடுவோம்க்கா."

கீல் என்பது தார் போன்ற கறுப்புப் பூச்சு. ஒரு டின் வரவழைத்து, குரோம் ஏற்றாத வெறும் இரும்புக் கேரியர்களுக்குக் கடைக்குப் பின்னால் பூசினார். முதல் கேரியர் காயுமுன் சேட்டு அதில் சாய்ந்து நிற்க, லுங்கி ஒட்டிக்கொண்டது. லுங்கியைக் கேரியரிடம் விட்டுவிட்டுத் துண்டோடு ஊர் திரும்பினார். அதற்கும் புதுசு வாங்கிக்கொடுத்தார் கிருஷ்ணவேணி. அடுத்தவற்றை மூன்று நாள் வெயிலில் காயவைத்து, மேலே பழைய டியூபைக் கீறி இறுக்கமாகச் சுற்றினார். கூடை வழுக்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை.

அதைப் படம் வரைந்து கணவருக்கு அனுப்பினார். 'எருமை மாதிரி இருக்கிறது, எவன் வாங்குவான்' என்று வந்தது. திரும்புகிற பஸ்ஸில் பதில் போனது: 'எருமைதான் தண்ணீரில் ஊறும். நேற்று ஆறு விற்றது.'

கண்டக்டர் படித்துச் சிரித்திருக்க வேண்டும், கடிதங்கள் ஒட்டப்படாதவை. ஒரு வாரத்தில் எல்லோரும் 'எருமை கேரியர்' என்றே கேட்டார்கள். மீன்காரர்களுக்குப் பின் பால்காரர்கள் வந்தார்கள், பிறகு மல்லாட்டை மூட்டை கட்டுகிறவர்கள். மார்ச்சில் மட்டும் எண்பத்து மூன்று. ஜனவரியில் கொடுத்த பதினொன்றையும் துருப்பிடிக்குமுன் மாற்றிக்கொடுத்தாகிவிட்டது.

ஏப்ரலில் விழுப்புரம் கடையிலேயே ஒரு பால்காரர் எருமை கேரியர் கேட்டார். பாண்டுரங்கன் இல்லை என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் ஐந்து பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாராம். ஆனால் சட்டம் சட்டம்தான். மறுநாள் எழுதினார்:

'திண்டிவனம் கடை முதலாளி அவர்களுக்கு. எருமை கேரியர் ஐம்பது அனுப்பிவைக்கவும். வாடகை ஒப்பந்தத்தை மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளவும். இனி வீட்டில் கடைப் பேச்சு பேச அனுமதி உண்டா?'

அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே, 'சாப்பிட்டு முடித்த பிறகு' என்று எழுதி, கேரியர் மூட்டையோடு அனுப்பினார் கிருஷ்ணவேணி. அதற்குப் பிறகு கடிதத்துக்கு வேலை இல்லை. நூற்று எழுபத்தாறாவதும் கடைசியுமான அந்தக் கடிதம் திண்டிவனம் வந்து சேர்ந்தது 11-4-1984.