சட்டையைக் கழற்றச் சொன்ன குற்றம்

உப்பளம் பகுதியில் நான் வேலை பார்த்த பிசியோதெரபி கிளினிக்கில் எனக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. நேரத்தைத் தின்கிறவளாம். தோள்வலி என்று யார் வந்தாலும் சட்டையைக் கழற்றச் சொல்வேன், அதுதான் என் குற்றம். மற்றவர்கள் சட்டைக்கு மேலேயே மெஷினின் பேடுகளை வைத்துப் போட்டுவிடுவார்கள். வாசல் மேஜைப் பெண்ணோ யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், வேறு நோய் உண்டா என்று கேட்கும் படிவம் முழுக்க 'இல்லை' என்று டிக் அடித்து அனுப்புவாள்.

"படிச்சதெல்லாம் இங்க கொண்டாராதம்மா. வெளியில எத்தன பேரு உக்காந்திருக்காங்க பாரு" என்பார் முதலாளி. அவரும் இதே படிப்பைப் படித்தவர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று என்னிடம் வந்தவர், கடலுக்குப் போவதை மகன்களிடம் விட்டுவிட்ட ஒரு பெரியவர். இடது தோளில் வலி. உடம்புக்குள் ஆழமாகச் சூடேற்றும் டயாதெர்மி மெஷினைப் போடச் சொல்லி எழுதியிருந்தது. படிவத்தில் வழக்கம்போல எல்லாம் இல்லை. நான் மறுபடி கேட்டேன்.

"ஐயா, ஹார்ட்ல எதுனா பிரச்சன இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"சரி, சட்டைய கழட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். காறை எலும்புக்குக் கீழே ஒரு தழும்பு, அங்கேயே தீப்பெட்டி அளவுக்கு ஒரு புடைப்பு. பேஸ்மேக்கர். அந்த மெஷினைப் போட்டிருந்தால் பேஸ்மேக்கர் கெட்டு உயிரே போயிருக்கலாம்.

"இன்னா ஐயா இது?"

"அதான் மெஷின் வச்சு சரி பண்ணிட்டாங்களே. அப்பறம் இன்னா பிரச்சன?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கணக்கில், படகு எஞ்சினைப் பழுது பார்த்தபின் அது நல்ல எஞ்சின்தானே. நெஞ்சில் ஏதாவது பொருத்தியிருக்கிறார்களா என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

முதலாளி அறைக்குப் போய்க் கத்தினேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"ஒண்ணும் ஆவலையே, வுடும்மா."

ஒன்றும் ஆகாமல் இருக்க இந்த மனிதர் என்ன செய்தார்?

திரும்பி வந்து பெரியவரிடம், "உங்களுக்கு சூடு வேணாம் ஐயா, பயிற்சி மட்டும் சொல்லித் தரேன். இனிமே எங்க போனாலும் மொதல்ல இத சொல்லுங்க" என்றேன்.

அவர் பொத்தானைப் போட்டபடி சொன்னார்: "நேத்தே வந்தேம்மா. சட்டையோட படுக்க வச்சு, பேடெல்லாம் வச்சுட்டாங்க. கரண்டு போயிடுச்சு. ரொம்ப நேரம் பாத்துட்டு எழுந்து போயிட்டேன்."

நேற்று எனக்கு லீவு.