முதல் வரிசையில் சூனியக்காரி

பகலில் நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மிச்ச நேரத்தில் மாயாஜால நாவல் எழுதுகிறவள். இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்பவர்களிடம், "கணக்கில் ஒரே விடைதான் இருக்கும், அந்தக் கடுப்பில் எழுத வந்தேன்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன்.

என் நாவலில் ஏழு தீவுகள். ஏழுக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல தண்ணீர் ஊற்று. அதை ஒரு மலைமேல் உட்கார்ந்து காவல் காக்கிறாள் ஒரு சூனியக்காரி. தண்ணீர் கேட்டு யார் வந்தாலும், குலம் கோத்திரத்தில் தொடங்கி நேற்று என்ன சாப்பிட்டாய் என்பது வரைக்கும் விசாரித்த பிறகுதான் ஒரு குடம் கொடுப்பாள். அவள் குரல் பக்கத்துத் தீவுக்குக் கேட்கும். இடுப்பில் சாவிக்கொத்து.

எங்கள் ஊரும் ஒரு தீவுதான். அதில் லம்பா லைன் என்கிற பகுதியில் நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அக்கா தனியாக இருக்கிறார். குழாயில் தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்று மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டுக்குள், பூட்டிய பெட்டியில். சாவி அவர் இடுப்பில். "நேத்து யாரு புள்ள வந்தது? தொட்டி இவ்வளவு எறங்கியிருக்கு?" என்று கேட்டு, பதில் திருப்தியாக இருந்தால்தான் பெட்டியைத் திறப்பார். திட்டமிட்டு அவரை எழுதவில்லை. முதல் பாகம் அச்சாகி வந்து, அதை வாசலில் நின்று புரட்டிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து சாவிச் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆனாலும் பயமில்லை. காலண்டர் தாளைத் தவிர அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் பாகமும் வந்த பிறகு, அதே ஊரில் டாலிகஞ்சில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் கடைக்கு மேலே இருக்கும் ஹாலில் வாசகர் சந்திப்பு ஏற்பாடு செய்தார். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வியாபாரம் மந்தமான நேரத்தில் நாவல்தான் படிப்பார். "டீச்சர், நீங்க வந்து உக்காந்தா போதும். கேள்வி கேக்க ஆள் நான் கொண்டாறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் படியிறங்கினால், கீழே அக்கா பட்டுப்புடவையில் நிற்கிறார்.

"நானும் வர்றேன் புள்ள. ஒரே ஆட்டோவுல போயிரலாம்."

"அக்கா, அங்க கதையைப் பத்தித்தான் பேசுவாங்க. உங்களுக்கு போர் அடிக்கும்."

"கதை கேக்கத்தான் வர்றேன்."

ஹாலில் நேராகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். சமோசா வந்தது, டீ வந்தது. கப்பல் என்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் முதலில் எழுந்தார்.

"பறக்கிற திருக்கை மீன், பேசுற நண்டு, எல்லாத்தையும் நம்பிட்டேன் மேடம். ஆனா கப்பல் சொன்ன டைமுக்குக் கிளம்பிச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் கதை படுத்துருச்சு."

ஹாலே சிரித்தது. மூன்றாம் பாகத்தில் வானிலை மோசம் என்று ஒரு கப்பலையாவது ரத்து செய்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்து ஒரு கல்லூரி மாணவி, முடிவு முதலிலேயே தெரிந்துதான் எழுதுவீர்களா என்று கேட்டாள். "தொடங்கும்போது தெரியும். பாதியில் பாத்திரங்கள் அதைக் கெடுத்துவிடுவார்கள். பிறகு நானும் உங்களைப் போலத்தான், என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவதாக எழுந்தவர் பாய். "அந்தச் சூனியக்காரி நிஜமாவே யாரையாச்சும் பாத்து எழுதினதா டீச்சர்?"

முதல் வரிசைப் பக்கம் பார்க்காமல், "முழுக்க முழுக்கக் கற்பனை. சில பாத்திரங்கள் அப்படியே ஆகாயத்திலிருந்து இறங்கி வருவார்கள்" என்றேன்.

"என்னா ஆகாயம்?" என்று அக்கா எழுந்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பி இடுப்புச் சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினார். "நான்தாங்க அது. கீழ் வீட்டுலதான் இருக்கேன்."

தப்பிக்க ஜன்னலைப் பார்த்தேன். கம்பி போட்டிருந்தது.

ஆனால் யாரும் என்னைப் பார்க்கவே இல்லை. கல்லூரிப் பெண் அவர் பக்கம் திரும்பி, "அம்மா, இளவரசனுக்கு ஏன் ஒரே ஒரு குடம்தான் கொடுத்தீங்க?" என்றாள்.

"ஏழு தீவுக்கு ஒரு ஊத்து. வந்தவன் போனவனுக்கெல்லாம் ரெண்டு குடம் குடுத்தா மே மாசம் குடிக்கற பானிக்கு என்னா பண்றது?"

"உங்ககிட்ட ஏன் மந்திரக்கோல் இல்ல?"

"சாவி இருக்கறப்ப கோல் எதுக்கு?"

கைதட்டல். கப்பல்காரர் கேட்டார்: "அந்த இளவரசனை அவ்வளவு திட்டுனீங்களே, அவன் செத்தப்போ ஏம்மா அழுதீங்க?"

அதை எழுதிய எனக்கே காரணம் தெரியாது; அந்த இடத்தில் அவள் அழுதாள், எழுதினேன், அவ்வளவுதான். அக்கா சாவிக்கொத்தை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்புறம் திட்டுறதுக்கு எனக்கு வேற யாருங்க இருக்கா?"

அதற்குப் பிறகு என்னிடம் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. கையெழுத்துக்கு வந்தவர்களும் அவரிடம்தான் முதலில் நீட்டினார்கள். பட்டா பத்திரத்தில் போடுவதுபோல நிதானமாக, முழுப் பெயரையும் போட்டார். மீதியிருந்த இடத்தில் நான் என்னுடையதைப் போட்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில், "கோவமாக்கா?" என்று கேட்டேன்.

"கோவமா? சிலோன் எஸ்டேட்டுலேர்ந்து கைப்புள்ளையா கப்பல்ல வந்து, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துல வளந்தவ நான். என்னையப் போயி ஒரு மலைக்கே ராணியா வச்சிருக்க. மூக்கைத்தான் அவ்வளவு நீளமா எழுதியிருக்க வேணாம்."

யார் படித்துக் காட்டினார்கள் என்று கேட்டேன். மெயின்லேண்டில் இருக்கும் மருமகள் தினமும் போனில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினாளாம். அதற்கு முன்னால் இருவருக்கும் அவ்வளவாகப் பேச்சில்லையாம்.

"ரெண்டாவது புஸ்தகமும் முடிஞ்சிருச்சு புள்ள. இப்ப அவ போன் பண்ணுனா, சாப்டீங்களா, சாப்டேன். அதோட வச்சிர்றோம். மூணாவது எப்ப வரும்?"

மூன்றாவது பாகத்தில் நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்தேன். அத்தியாயம் முடிய முடிய மருமகளுக்கு அனுப்பினேன். அவள் அக்காவுக்குப் படித்தாள். சிரிப்புச் சத்தம் மாடிவரை கேட்கும். சூனியக்காரிக்கு ஒரு மருமகளைப் படைத்து, கடல் தாண்டி மலைக்கு அனுப்பி வைத்தேன்.

அங்கேதான் வினை வந்தது. அந்த அத்தியாயம் போன மறுநாள் காலையில் அக்கா படியேறி வந்தார்.

"அந்த மருமக ரொம்ப எதுத்துப் பேசுறா. கொஞ்சம் அடக்கி எழுது."

சரி என்று தலையாட்டி அவரை அனுப்பிவிட்டு போனைப் பார்த்தால், மெயின்லேண்டிலிருந்து ஒரு செய்தி. "டீச்சர், அத்தை கேரக்டர் இந்தத் தடவை ரொம்ப சாஃப்ட்டா போயிட்டாங்க. இன்னும் கொஞ்சம் பயங்கரமா எழுதுங்க. நான் சொன்னேன்னு அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."