பலாமர மேளம் சொன்ன பெயர்

"படிச்ச புள்ள பில்லு மட்டும் எழுதட்டும் லா. தோலுல கை வச்சா அப்புறம் எவன் கட்டுவான்?"

மலாக்கா டவுனில் இசைக்கருவி பழுதுபார்க்கும் கடையில் நான் சேர்ந்த அன்று, முதலாளி ஆரோக்கியம் அண்ணன் சொன்னது இது. ரெம்பியா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இங்கிலீஷ் பேசுவேன். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலத்தில் பட்டாளத்துக்காரர்களும் கடைக்கு வந்ததால்தான் எனக்கு வேலை கிடைத்தது.

மென்சா என்ற சிப்பாய் மேற்கு ஆப்பிரிக்காவில் கோல்ட் கோஸ்ட்டைச் சேர்ந்தவர். கேம்ப் அருகே விழுந்த பலாமரத்தைத் தானே குடைந்து மேளமாக்கிக் கொண்டுவந்தார். விளிம்புக்குக் கீழே சுற்றிலும் மர ஆப்புகள். அவற்றை அடித்து இறக்கினால் தோல் இறுகும். தோல் போட்டுத் தரக் கேட்டார். அவருடைய நண்பர் கோஃபி காட்டில் சுடப்பட்டு இறந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கேம்ப்பில் பிரார்த்தனை; அங்கே மேளம் கோஃபியின் பெயரைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் அவரை முறையாக அனுப்பிவைத்ததாகும் என்றார். மேளம் எப்படிப் பெயர் சொல்லும் என்று எனக்குப் புரியவில்லை.

அண்ணன் நல்ல ஆட்டுத்தோலாகப் பார்த்துப் போட்டார். கடைசியில், மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் அப்புவதுபோல் ரவையைக் குழைத்து நடுவில் அப்பிவிட்டார். சனிக்கிழமை பிற்பகல் மென்சா வந்து தட்டினார். அரிசி மூட்டையைத் தட்டியதுபோல் இருந்தது. அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"சாப்பாடு வச்சாத்தானே நம்ம மிருதங்கம் பேசும்? அவருகிட்ட சொல்லு," என்றார் அண்ணன்.

சொன்னேன். அவர் பதிலை அண்ணனிடம் திருப்பிச் சொன்னேன். "இது பட்டினியா இருந்தாத்தான் பாடுமாம், அண்ணே."

அப்பிய ரவையைச் சுரண்டித் துடைத்தோம். ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டது. கர்பியூவுக்கு முன் அவருடைய லாரி கிளம்பிவிடும். கரியடுப்பு அனலில் மேளத்தைக் காட்டிக் காயவைத்தோம். பிறகு அண்ணன் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் ஆப்புகளை அடிக்க, மென்சா விளிம்பில் காதை வைத்து, இதை, அதை, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அடி பலமாக விழுந்துவிடும். இன்னும் இரண்டு அடி அப்படி விழுந்தால் தோல் கிழிந்திருக்கும்.

"அண்ணே, கொட்டாப்புளிய எங்கிட்டக் குடுங்க."

என்னைப் பார்த்தார். கொடுத்தார்.

மென்சா சொல்லச் சொல்ல அடித்தேன். போதும் என்று கை காட்டினார். நடுவில் ஒரு தட்டு, விளிம்பில் ஒரு தட்டு. தாழ்ந்த ஒலி, உடனே உயர்ந்த ஒலி. "கோஃபி" என்று வாயால் சொன்னார். அதே இறக்கம், அதே ஏற்றம். மறுபடி தட்டியபோது அவர் வாய் மூடியிருந்தது. ஆனால் கடைக்குள் அந்தப் பெயர் கேட்டது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். படிப்பு நம்மை வேலை நடக்கும் இடம்வரை கொண்டுபோகும். அதற்குமேல் கையை நீட்டிக் கேட்க வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமையே, நானே ஒரு மேளத்துக்குத் தோல் போட்டுப் பழக, டவுனுக்குப் பக்கத்துக் கிளேபாங்கில் ஆடு அறுப்பவரிடம் ஒரு தோல் வாங்கினேன். முடி உதிர்வதற்காக வீட்டுக்குப் பின்னால் அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.