முன்சீட்டு மார்ட்டாவுக்கு

பனி தேசத்து லிக்செலே ஊரில் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இல்வாவைக் கண்டாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். வண்டிப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷ வேலை. பிரேக்கில் துளி தேய்மானம் இருந்தாலும் "மாத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். பாதிரியார் வண்டியே இரண்டு தடவை திரும்பிப் போயிருக்கிறது. அப்பேர்ப்பட்டவளுக்கு நாலு வயதுப் பிள்ளை மேல் பொறாமை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் இருந்தது, வண்டி வண்டியாக இருந்தது.

பிள்ளை பெயர் மார்ட்டா. இல்வாவோடு வாழ்கிற ஹென்னிங்கின் மகள். பிள்ளையின் அம்மா ஹெட்விக், ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறாள். அவளும் ஹென்னிங்கும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை ஒரு வாரம் அம்மா வீட்டில், ஒரு வாரம் அப்பா வீட்டில், கைமாறுவது வெள்ளிக்கிழமை.

மார்ட்டா வருகிற வாரம் இல்வாவின் முன்சீட்டு போய்விடும். அந்த ஊர் வழக்கப்படி, பின்பக்கம் பார்த்து உட்காருகிற குழந்தை இருக்கை ஹென்னிங்குக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பிள்ளை அதில் மகாராணியாகச் சாய்ந்து, காலைத் தூக்கி சீட்டு முதுகில் ஊன்றிக்கொண்டு, பின்னால் இருக்கிற இல்வாவின் முகத்தையே பார்த்தபடி வரும். ஹென்னிங்கின் கை கியரை விட்டு நழுவி அதன் முழங்காலைத் தட்டிக்கொடுக்கும். போன வாரம் அந்தக் கை தட்டியது இல்வாவின் முழங்காலை. அவளுக்கு எரியாமல் என்ன செய்யும்?

பிள்ளையின் தலை டாஷ்போர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். மோதிவிட்டால் ஏர்பேக் வெடித்து அந்தத் தலைப்பக்கம்தான் அறையும். அதனால் பிள்ளை வருகிற வாரம் சாவி போட்டு அதை அணைக்க வேண்டும். அணைத்தால் கூரையில் மஞ்சள் விளக்கு எரியும். பெரியவர்கள் உட்காரும்போது திரும்பப் போட வேண்டும். ஹென்னிங் மறதிக்காரன் என்பதால் இந்த வேலை இல்வாவுடையது.

அந்தப் பிப்ரவரி வெள்ளியன்று மத்தியானம் இருக்கையை மாட்டும்போது அதன் இடுக்கில் ஒரு படம் கிடைத்தது. மார்ட்டா வரைந்தது. உறைந்த ஏரியில் மூன்று பேர் மீன் பிடிக்கிறார்கள். கீழே ஹெட்விக்கின் கையெழுத்தில் அப்பா, அம்மா, மார்ட்டா என்று பெயர்கள். 'என்னை அந்தத் தூண்டில் துளைக்குள்ளாவது போட்டிருக்கக் கூடாதா?' என்று முணுமுணுத்துக்கொண்டே இல்வா கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அந்தக் கரைக்குப் போனபோது ஹெட்விக் தன் கையாலேயே பிள்ளையை உட்காரவைத்து, வாரை இழுத்து இறுக்கினாள்.

"ஹென்னிங், ஏர்பேக் அணைச்சாச்சா?"

"இல்வா பாத்துட்டா. அவ தொழிலே அதானே."

"நான் உன்னைக் கேட்டேன்."

எப்போதும் இப்படித்தான். பின்சீட்டில் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கிறாளே, அவளைக் கேட்போம் என்பது கிடையாது. இல்வாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "அணைச்சாச்சு" என்றாள், எதையும் யோசிக்காமல்.

வாரக் கடைசிக்குப் போகிற ஏரிக்கரைக் குடிலுக்கு ஐம்பது கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் மார்ட்டா ஆரம்பித்தது.

"இல்வா, நீ ஏன் எப்பவும் பின்னாடியே உக்கார்ற?"

"என் எடத்துல நீ உக்காந்திருக்கியே, அதான்."

"இது என் எடம். எங்கம்மா திரும்பி வந்தா நீ எங்க உக்காருவ?"

ஹென்னிங் சிரித்துவிட்டான். பாவி, சிரித்தான்! கண்ணில் முட்டியதைப் பிள்ளை பார்த்துவிடக் கூடாதென்று இல்வா அண்ணாந்தாள். கூரையில் மஞ்சள் விளக்கு எரியவில்லை.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள்! இப்போது வாயைத் திறந்தால் ஹெட்விக் தன்னைக் கேட்காததுதான் நியாயம் என்றாகிவிடும். அப்புறம் இந்த வீட்டில் அவள் பேச்சு செல்லுமா? குடிலில் இறங்கியதும் சத்தமில்லாமல் திருப்பிவிட்டால் போகிறது. இன்னும் நாற்பது கிலோமீட்டர்தானே.

எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று கடந்தது. அது கிளப்பிய பனித்தூளில் ரோடே மறைந்துபோக, வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரானது. மார்ட்டா கைதட்டிச் சிரித்தது.

"நிறுத்து! ஹென்னிங், வண்டிய நிறுத்து!"

பஸ் நிற்கிற இடத்தில் ஒதுக்கினான். இல்வா பாய்ந்து இறங்கி, முன்கதவைத் திறந்து சாவியைத் திருப்பினாள். விளக்கு எரிந்தது. ஹென்னிங்கின் முகம் வெளுத்துவிட்டது.

"நான் மறந்துட்டேன். பாக்காமலே அணைச்சாச்சுன்னு சொல்லிட்டேன்" என்றாள் இல்வா.

அவன் மறுபடி கியரில் கையை வைத்தான். "சரி விடு. ஒண்ணும் ஆகலையே. ஹெட்விக்குக்குச் சொல்ல வேணாம். யாருக்குத் தெரியப்போவுது?"

அடடா, எவ்வளவு சுலபம்! இல்வா போனை எடுத்துக்கொண்டு பனியில் பத்தடி தள்ளிப் போய் ஹெட்விக்கைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

ஹெட்விக் முதலில் கேட்டது தூரத்தைத்தான்.

"எவ்ளோ தூரம்?"

"பதினோரு கிலோமீட்டர்."

அதன் பிறகு வந்த வசவெல்லாம் இங்கே எழுதக்கூடியதில்லை. இல்வா அத்தனையும் வாங்கிக்கொண்டாள். கடைசியில் ஹெட்விக் கேட்டாள்.

"அவன் என்ன சொன்னான்? எனக்குச் சொல்ல வேணாம்னானா?"

இல்வா பூட்ஸ் நுனியால் பனியைக் கிளறினாள்.

"சொல்லியிருப்பான். எனக்குத் தெரியாதா அவன? இனிமே அவன கேக்கவே மாட்டேன். உன்னத்தான் கேப்பேன். விளக்கக் காட்டிட்டுத்தான் வண்டி கெளம்பணும், புரியுதா?"

"புரியுது" என்றாள் இல்வா. குளிரில் மூக்கு ஒழுகியது, அழுகையில் கண்ணும்.

திரும்பி வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். மார்ட்டா தன் கையுறையைக் கழற்றி நீட்டியது, மூக்கைத் துடைத்துக்கொள்ள.

"என்ன சொன்னா? இவ்ளோ நேரம் என்ன பேசினீங்க?" என்றான் ஹென்னிங்.

"அது எங்களுக்குள்ள."

"என்னைப் பத்தியா?"

இல்வா அந்தக் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குடில் போய்ச் சேருவதற்குள் அவன் கண்ணாடி வழியாக அவளை நாலு தடவை பார்த்தான். அந்தப் பார்வை என்ன பார்வை என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு வருஷமாகப் பின்சீட்டிலிருந்து அதே பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தவளே அவள்தானே.