வலப்பக்கத்து மூச்சு

சென்னையில் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என்மேல் ஒரே ஒரு குறைதான். நான் வலப்பக்கம் மட்டுமே திரும்பி மூச்சு எடுக்கிறேனாம். இரண்டு பக்கமும் பழகினால் கழுத்து நோகாது, நேராகப் போகலாம் என்று தினமும் சொல்வாள். அவள் சொல்வது சரிதான். நான்தான் கேட்க மாட்டேன்.

தொண்ணூறுகளில், ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத்தறிகள் இருந்தன. பத்தாவதோடு பள்ளியை விட்டுவிட்டு நான் பிணைக்கும் வேலையில் உட்கார்ந்தேன். தறியில் நெடுக்கே ஓடும் பழைய பாவு முடிந்ததும் அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து விரலால் முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மேலே படித்தாள். பெரணமல்லூர் பக்கத்துக் கிராமம், சமண வீட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்வேன். உண்மையில் போனது அவர்கள் நிலத்துக் கிணற்றுக்கு.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் கையை மாற்றி மாற்றி வீசும் நீச்சலை வேலூரில் படித்த அவள் அண்ணன் கற்றுவந்து அவளுக்குக் காட்டியிருந்தான். அவள் எனக்குக் காட்டினாள். படிக்கட்டிலிருந்து எதிர்ச்சுவரில் இருக்கும் மோட்டார் குழாய் வரை இருவரும் பக்கம் பக்கமாக, நிற்காமல் போய்ச் சேர வேண்டும். எங்கள் ஆசையெல்லாம் அதுதான். அவள் எனக்கு வலப்புறம் வருவாள். நான் வலப்பக்கம் திரும்பி மூச்சு எடுப்பேன், அவள் இடப்பக்கம். திரும்பும்போதெல்லாம் அவள் முகம் ஒரு கணம் தெரியும், கண்ணை உருட்டிப் பழிப்புக் காட்டும். நான் பாதிக் கிணற்றில் மூச்சு முட்டி, கையையும் காலையும் உதறிக்கொண்டு படிக்கே திரும்பிவிடுவேன்.

"தண்ணிக்குள்ள ஊதுடி! அடக்கிகினே போனா மேல வந்து எத்த இழுப்ப?"

"ஊதிகினுதான்டி இருக்கேன்."

"எங்க, ஒரு குமிழி கூட காணோம்."

எனக்குக் கோபம் வரும். அவள் வீட்டில் குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். நானோ வாராவாரம் அந்தக் கிணற்றில் பாதியை அப்படியே குடித்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் அவள் அம்மா குரல் கொடுத்துவிடுவாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஈரப் பாவாடையைப் பிழிவோம். இப்படியே இரண்டு வருடம் போனது.

ஒருநாள் அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள், கையில் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. நான் குனிந்து பிணைத்துக்கொண்டிருந்தேன், கையிலிருந்த இழை முடியும்வரை நிமிரவில்லை. பட்டு இழை மூச்சுக்காற்றுக்கே பறந்துவிடும். முறுக்கி முடிக்கும்வரை மூச்சு விடாதே என்றுதான் அம்மா என்னைப் பழக்கியிருந்தாள். பத்திரிகையோடு நின்றவள் என் முகத்தையே பார்த்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள்.

"அடிப்பாவி! இங்க அடக்கி அடக்கித்தான் அங்கயும் அடக்கறியா? இத்தினி நாளா எனக்குத் தெரியாம பூடுச்சே!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. "வர ஞாயித்துக்கெழம பாரு, ஊதிக் காட்றேன்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "இனிமே கிணத்துப் பக்கம் உட மாட்டாங்கடி."

பம்பாயிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. பிறகு அவள் வீடு மாறினாள். எனக்கும் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடை விடுமுறையில் மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் போனேன். பெண்களுக்குத் தனி நேரம் உண்டு என்றார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். நூலைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. முகத்தை உள்ளே வைத்து, பிணைக்க இங்கே ஒன்றுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு ஊதினேன். காதோரம் குமிழிகள் கொப்பளித்தன. தலையைத் திருப்பியதும் காற்று தானாக உள்ளே வந்தது. இவ்வளவுதானா என்று அழுகையாக வந்தது. குளத்தின் அகலத்தை நிற்காமல் கடந்து சுவரைத் தொட்டேன்.

எட்டு முறை மூச்சு எடுத்தேன். எட்டு முறையும் வலப்பக்கம் வெறும் தண்ணீர்தான்.

"சூப்பர் மேடம்! நாளைக்கு இடது பக்கமும் பழகிடலாம்" என்றாள் சொல்லிக்கொடுத்த பெண்.

"வேணாம்மா. இந்தப் பக்கம்தான் அவ வருவா."

"யாரு மேடம்?" என்று அவள் என் வலப்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.